சட்டைப் பையில் ஒரு மகாயுத்தம்

இரண்டாம் உலகப் போரில் மலையகம் செய்த தியாகம் முழுவதும் கந்தப்பளையில், அன்டனின் சட்டைப் பையில் இருந்தது. அளவில் அது இரண்டு ரூபாய்க் காசை விடப் பெரிதில்லை.

யுத்த காலத்தில் சில்லறைக்குப் பஞ்சம் வந்தபோது, சீமைக்காடு தோட்டத்துக் கடையில் மிச்சக் காசுக்குப் பதிலாகக் கொடுத்த தகர டோக்கன். உலகத்திலேயே இது ஒன்றுதான் என்பார் அன்டன். உலகத்தில் அவர் தேடிப் பார்த்த இடங்கள் நுவரெலியாவும் அட்டனும்.

புதன்கிழமை பாடசாலை மண்டபத்தில் கண்காட்சி. பேனர் ஏற்கெனவே தொங்கியது. அதில் டோக்கன் உள்ளங்கை அளவு, அன்டன் ஆள் அளவு. டோக்கன் தொலைந்தால் அந்தப் பேனரின் கீழே போய் நிற்க முடியாது.

போன வாரம் றோலண்ட் வீட்டுக்கு வந்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவரும் பழங்காசு சேர்க்கிறவர். "நல்லாருக்குண்ணே" என்று சொல்லி உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். திட்டம் இல்லாத மனுஷன் இவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கொடுப்பானா? அன்றிலிருந்து அன்டன் டோக்கனை வீட்டில் வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கும் அது கூடவே போனது.

"கோயிலுக்குள்ள கூடவா திருடுவாங்க?" என்றாள் மனைவி மரியநாயகி.

"அங்கதான் எல்லாரும் கண்ண மூடிக்கிறாங்க."

றோலண்ட் சரியாக அவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். கோயிலில் உட்கார வேறு வாங்கே இல்லையா? காணிக்கைப் பை வந்தது. அன்டன் வழக்கம்போல் மூடிய கையை அடிவரை விட்டு எடுத்தார். நூறு ரூபாய்க்குக் குறையாது என்று ஊரில் பேச்சு, அவர் மறுத்ததில்லை. அப்போதும் பார்வை றோலண்டின் விரல்கள் மேலேயே இருந்தது. பிறகு பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில், கையைப் பிடித்தது போதாதென்று றோலண்ட் தோளையும் தொட்டார்.

பூசை முடிந்து வாசலில் அன்டன் சட்டைப் பையைத் தடவினார். ஒரு இரண்டு ரூபாய்க் காசு இருந்தது. டோக்கன் இல்லை.

"றோலண்டு, நில்லு! பாக்கெட்டக் காட்டு."

"என்னண்ணே?"

"என்ன 'என்னண்ணே'? தோளத் தொட்டப்பவே நெனச்சேன்!"

கூட்டம் கூடிவிட்டது. றோலண்ட் ஜெபமாலை, கைக்குட்டை, பாதி சப்பிய இஞ்சி மிட்டாய் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார்.

"சப்பாத்தயும் கழட்டவாண்ணே?"

"கழட்டு."

றோலண்ட் ஒற்றைக் காலில் நின்றபோது, காணிக்கை எண்ணுகிற ஜெரோமி டீச்சர் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"சார், இது ஒங்களோடதுதானே? பேனர்ல பாத்திருக்கேன். காணிக்கைப் பையில கெடந்துச்சு."

அன்டன் அதைப் பறித்துக்கொண்டார். "மாட்டிக்குவோம்னு இவன்தான் உள்ள போட்டிருக்கான்!"

"பை எங்கிட்ட வந்துட்டுத்தாண்ணே ஒங்ககிட்ட வந்துச்சு," என்றார் றோலண்ட், சப்பாத்தை மாட்டிக்கொண்டே. "தோளத் தொட்டது அதுக்குப் பெறகு."

யாரோ இருமினார்கள். மரியநாயகி புருஷனைப் பார்த்தாள்.

"அப்ப அந்த நூறு ரூவா?"

நூறு ரூபாய் எந்த ஞாயிறும் இருந்ததில்லை. அன்டன் காணிக்கைக்கு எடுத்து வந்த இரண்டு ரூபாய்க் காசு இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது.