இந்திராணியம்மாள் வீட்டு நிறுத்தம்

ஒலியைவிட ஆறு மடங்கு வேகத்தில் பறக்க வேண்டிய விமானம், கணினித் திரையில், இந்திராணியம்மாள் வீட்டு ஜன்னலோரம் நின்றுவிட்டது.

சங்கீதா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு மணிக்கு ஆய்வுக்குழுவுக்கு இதை வீடியோ அழைப்பில் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் அவளுடைய மூன்று வருட வேலைக்கு மூடுவிழா.

விமானத்துக்கு மூளையாக அவள் உருவாக்கிய நியூரல் நெட்வொர்க், எந்தக் காற்று எப்படி மோதினாலும் தானாகச் சமாளிக்கப் பழக வேண்டும். அதற்காகத்தான் பங்குனி உற்சவத்தில் ரிஷப வாகனத்தின் தண்டுகளில் சென்சார் கட்டினாள். பள்ளம், தூறல், நெரிசல், பதினாறு தோள்கள். சாமி மட்டும் அசையவில்லை. இதைவிட நல்ல பாடம் ஏது?

நெட்வொர்க் பாடத்தை ஒன்றுவிடாமல் கற்றது. சாமி நின்று தீபாராதனை ஏற்கும் மண்டகப்படி வந்த இடமெல்லாம் விமானமும் நின்றது. கற்பூரம் அணையும்வரை காத்திருந்து கிளம்பியது. கோயில் பட்டியலை வைத்து எல்லா நிறுத்தங்களையும் நீக்கினாள். இது ஒன்று பட்டியலில் இல்லை.

வாகனம் தூக்கும் பழனியை வரவழைத்தாள்.

"இங்க ஏன் மாமா நின்னீங்க?"

"இந்திராணியம்மா படுத்த படுக்கையா கீதும்மா. ஜன்னலாண்ட சாமிய சாய்ச்சிக் காட்டலன்னா எப்டிப் பாக்கும்?"

"விமானமும் சாயுது மாமா!"

"சாயட்டுமே. அன்னிக்கி சாய்க்கசொல்ல என் முட்டி பிடிச்சிக்கிச்சி. பசங்க ஒரு வார்த்த பேசல. என் பாரத்தையும் தாங்கிக்கினாங்க."

இந்த நிறுத்தத்தை அழித்தால் அந்தப் பாடமும் போய்விடும். அழிக்கப் போன விரலைச் சங்கீதா எடுத்துக்கொண்டாள்.

குழுத்தலைவர் தணிகாசலம் கடுமையானவர். புயற்காற்றின் நடுவே விமானத்தின் நான்கு வால் துடுப்புகளில் ஒன்றைச் செயலிழக்கச் செய்யச் சொன்னார். மற்ற மூன்றும் சத்தமில்லாமல் அதன் பாரத்தை ஏற்றன. விமானம் நேராகப் பறந்தது. பிறகு பணிவாக ஒரு பக்கம் சாய்ந்து, நடுவானில் நின்றது.

"என்னம்மா இது?"

சங்கீதா வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற பழனி கேமராவுக்குள் தலையை நீட்டி முழுக் கதையையும் சொல்லிவிட்டார்.

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தத் துடுப்பு விஷயம் போதும், திட்டம் தொடரட்டும். நிறுத்தத்தை அடுத்த தடவை சரி பண்ணுங்க." சற்றுத் தயங்கினார். "அந்தம்மாவுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"பரவால்ல சார். கஞ்சி குடிக்குது."

விமானம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கற்பூரம் அணையட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.