துரையின் ஜாகுவார்

இங்கிலாந்துக்குத் திரும்பும் தோட்டத் துரை தன் ஜாகுவார் காரை விற்கிறார் என்றதும், நுவரெலியாப் புடவைக்கடை மஃறூப் முதலாளி மெக்கானிக் றோலண்டைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனார்.

"நீ ஓட்டிப் பாத்துச் சொன்னாத்தான் வாங்குவேன்."

மழையில் றோலண்ட் தனியாகக் காரை எடுத்தான். ஏற்றத்தில் முக்கல் முனகல் இல்லாமல் சீறிப் பாய்ந்தது. காலமெல்லாம் லொறிகளுக்கு அடியில் கிடந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டுமென்றே, தான் பிறந்த கூலிக்காரர் லயத்துப் பக்கம் திருப்பினான்.

வளைவில் ஒரு கிழவர். துரையின் காரைக் கண்டால் தோட்டத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: குடையை மடக்கி, ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, தலைகுனிந்து கும்பிட்டார். நரைத்த தலையில் மழை கொட்டியது.

அது அவனுடைய அப்பா.

நிறுத்தினால், தான் கும்பிட்டது யாரை என்று அவருக்குத் தெரிந்துவிடும். றோலண்ட் நிறுத்தவில்லை. சேறு அவர் வேட்டியில் அடித்தது. கார் மறையும்வரை அவர் குடையை விரிக்கவில்லை என்பதைப் பின்கண்ணாடி காட்டியது.

பங்களா வாசலில் மஃறூப் ஆவலாக நின்றார்.

"எஞ்சின் எப்படி?"

"அருமைங்க."

"பிரேக்கு?"

றோலண்ட் சாவியை நீட்டினான். முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பிரேக்கு நல்லதுதாங்க முதலாளி. நான்தான் போடல."