பெல்ட் டப்பா

"மேல்தட்டுல பாரு மாத்திரை, சக்கரை டப்பாவுக்குப் பின்னாடி!"

"பாத்துட்டேன் மாமா. உப்புதான் இருக்கு."

"அப்போ கீழ்த்தட்டு. உங்கக்கா ஒரு பொருளை ஒளிச்சு வெச்சா போலீஸ் நாயே வாலைச் சுருட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிடும். குனிஞ்சு தேடு."

படுக்கையறையிலிருந்து வந்த குரல் நூலாய் இளைத்திருந்தாலும் அதிகாரம் மட்டும் இளைக்கவில்லை. மாத்திரை முட்டி போட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் தலையை விட்டார். கந்தல் துணி, தேய்க்கிற நார், காலி பாட்டில்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. படுக்கைக்கு ரப்பர் விரிப்பு வாங்க அக்கா கடைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் இந்தத் திருட்டு வேலை முடிந்தாக வேண்டும்.

மாத்திரை என்பது அக்கா புருஷன் வைத்த பெயர். மருந்துக்கடைக்காரனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? தெருவே அப்படிக் கூப்பிடப் பழகி, கடைசியில் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போய்விட்டது. பழிக்குப் பழியாக அவரும் 'கடுக்காய் மாமா' என்று ஒன்றைக் கட்டிவிட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. மாமா அதைப் பட்டம் வாங்கியது மாதிரி நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டார்.

மாமா தோல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்ட தோல் அழுகாமல் இறுகிப் பதமாவதைப் பார்த்துப் பார்த்தே அவருக்குத் தலை நரைத்தது. "செத்த மாட்டுத் தோலையே அழுகாமக் காப்பாத்துதுடா. உசுரோட இருக்கற என்னைக் காப்பாத்தாதா?" அவருடைய மருத்துவப் படிப்பு மொத்தமும் இவ்வளவுதான்.

"அப்போ குடலும் பெல்ட்டா ஆயிடும், பரவாயில்லையா?" என்பார் மாத்திரை.

"ஆகட்டுமே. இடுப்புக்கு வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு."

இந்தச் சண்டை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடந்தது. சண்டையில்லாத ஞாயிறு இரண்டு பேருக்கும் சோறு இறங்காத ஞாயிறு. வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேர் பக்கத்திலும் பாதி நியாயம் இருந்தது. எதிர்வீட்டுத் தையற்காரருக்கு வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் குடிக்கவே அழுதுகொண்டிருந்தபோது, மாமா கொடுத்த கடுக்காய்த் தண்ணீரைக் கொப்பளித்துத்தான் சரியானது. அதற்கு முன்னால் அவர் மாத்திரையின் கடையில் வாங்கிப் பூசிய களிம்பெல்லாம் தண்டம். அந்த வாரம் முழுக்க மாமா மருந்துக்கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடம் தையற்காரரின் வாயைத் திறந்து காட்டச் சொன்னார்.

ஆனால் மாமாவுக்கு ரத்தசோகை வந்தபோது கதை திரும்பியது. இரும்புச்சத்து மாத்திரையைக் கடுக்காய்க் கஷாயத்தோடு விழுங்கிக்கொண்டிருந்தார் மனிதர். மாதக்கணக்கில் ரத்தம் ஒரு படி ஏறவில்லை. எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இந்தத் துவர்ப்பு இருக்கே, அது இரும்பைக் கெட்டியாப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேரவே விடாது. வாய் கொப்பளிங்க, நல்லது. குடிக்காதீங்க. நீங்க சக்கரைக்கு வேற மாத்திரை போடறீங்க. ரெண்டும் சேர்ந்தா சக்கரை தடால்னு கீழ போயிடும்." அன்றைக்கு மாத்திரை தெருவுக்கு மிட்டாய் கொடுக்காத குறைதான். அக்கா அன்றே கடுக்காய் டப்பாவை ஒளித்து வைத்தாள்.

இப்போது இதயம். ஆஸ்பத்திரியில், "வீட்லயே வெச்சு நல்லாப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று மருந்துக்கடைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் சாயங்காலம் டாக்டரம்மா வந்து நாடி பார்த்துவிட்டுப் போவாள். கடை போனால் போகட்டும் என்று மாத்திரை இங்கேயே கிடந்தார்.

இன்றைக்கு அக்கா வெளியே போனதும் மாமா கண்ணைத் திறந்து, "மாத்திரை, ஒரு வாய் கஷாயம் வெச்சுத் தாடா. தயவு பண்ணி" என்றார்.

தயவு! அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து மாத்திரை கேட்டதே இல்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.

"கிடைச்சிடுச்சு மாமா!"

வாளிக்குப் பின்னால், நசுங்கிப்போன ஒரு டப்பா. திறந்ததும் அந்த வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. உள்ளே இருந்த தூள் நறநறவென்று, மரத்தூள் மாதிரி இருந்தது. 'இந்தக் கண்றாவியையா இத்தனை வருஷம் குடிச்சாரு' என்று நினைத்துக்கொண்டே இரண்டு கரண்டி அள்ளிப் போட்டார். ஒருமுறை பாத்திரத்தைப் பார்த்தார். வைப்பதை நன்றாகத்தான் வைப்போமே என்று இன்னொரு கரண்டி போட்டார். கொதித்ததைக் கைக்குட்டையில் வடிகட்டி, ஒரு டம்ளர் நிறையக் கொண்டுபோனார். கைக்குட்டை அதோடு தொலைந்தது.

தலையணையை நிமிர்த்தி வைத்து, ஒரு ஸ்பூன் ஊதி ஆற்றி, உதட்டருகே கொண்டுபோனார். மாமா வாங்கி நாக்கில் வைத்தார். தோல் கம்பெனியில் தொட்டித் தண்ணீர் பதமா இல்லையா என்று மானேஜர் முதற்கொண்டு அந்த நாக்கைத்தான் கேட்பார்களாம். அந்த நாக்கு இப்போது ஒரு கணம் யோசித்தது. அப்புறம் மாமாவின் கண் இரண்டும் அகலத் திறந்தன. கன்னம் உள்ளே போனது. உதடு சுருக்குப் பை மாதிரி குவிந்தது.

"என்ன மாமா? சூடா?"

"டேய்... வாளிக்குப் பின்னாடி இருந்த டப்பாவா?"

"ஆமா."

"அடப்பாவி. அது பெல்ட் டப்பாடா!"

ஓய்வு பெற்ற பிறகு மாமா வீட்டிலேயே தோல் பதம் பண்ணி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் பெல்ட் செய்து கொடுப்பார். மாத்திரையின் இடுப்பில் இருந்ததும் அவர் கைவேலைதான். அந்தத் தோலை ஊறப்போடுகிற தூள் இது.

"துப்புங்க மாமா, துப்புங்க!"

மாமா எங்கே துப்பினார்? சிரிக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் மூக்கில் சிரிப்பு வந்தது, அப்புறம் தோளில், அப்புறம் கட்டிலே ஆடியது. "சாகப்போறவனைப் பதம் போட்டு வெச்சுக்கலாம்னு பாக்கறியாடா? அளவெடுத்துட்டியா, இல்ல தையற்காரனைக் கூப்பிடவா?" மெத்தையில் கையால் தட்டித் தட்டிச் சிரித்தார். மாத்திரைக்கும் அடக்க முடியவில்லை. ஸ்பூனைப் பிடித்த கை ஆடி, கஷாயம் விரிப்பெல்லாம் சிந்தியது.

"இன்னொரு ஸ்பூன் குடு."

"வேணாம் மாமா."

"குடுடா. நல்ல சரக்கு. வீணாப் போகக் கூடாது."

கொடுத்தார். மாமா அதைச் சப்புக்கொட்டி விழுங்கி, தலையணையில் சாய்ந்து, வாயின் ஓரத்தில் சிரிப்பு மிச்சமிருக்க, சன்னலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போய் மறைந்தது. மாத்திரை ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு நாடியைப் பிடித்துப் பார்த்தார். விரலை மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்து, குளிரும் என்பது மாதிரி மூடிவிட்டார்.

அதற்கப்புறம்தான் பயம் வந்தது.

தோலுக்குப் போடுகிற தூள். அதில் வெறும் கடுக்காய்தானா, இல்லை வேறு ஏதாவது ரசாயனம் கலந்து வைத்திருந்தாரா? காலாவதியான இருமல் மருந்தைக் கூட ஒருத்தருக்கும் விற்காத மனுஷன், அக்கா புருஷனுக்குத் தன் கையாலேயே ஊட்டிவிட்டான். குடிக்காதே என்று டாக்டர் சொன்னதைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவனும் இவன்தான். அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கேட் கிறீச்சிட்டது. அக்காவின் செருப்புச் சத்தம்.

மாத்திரை டம்ளரைப் பார்த்தார். கொட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் தனக்குத் தெரியுமே. ஒரு டம்ளர் குடித்து நான் உயிரோடு இருந்தால், இரண்டு ஸ்பூனில் அவர் போகவில்லை. அவ்வளவுதானே கணக்கு? கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்துவிட்டார்.

அக்கா உள்ளே வரும்போது அவர் வாய் பூட்டிக்கொண்டிருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பல்லெல்லாம் கட்டி, கன்னத்தை யாரோ உள்ளேயிருந்து ஊசிநூல் போட்டு இழுப்பது மாதிரி இருந்தது.

அக்கா கட்டிலைப் பார்த்தாள். ரப்பர் விரிப்பை மெதுவாக நாற்காலியில் வைத்தாள். புருஷனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"போயிட்டாராடா?"

மாத்திரை தலையாட்டினார்.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு, "ஏன்டா சிரிச்சுக்கிட்டு இருக்காரு?" என்றாள்.

சொல்லத்தான் பார்த்தார். "ங்க... ங்க" என்றுதான் வந்தது. கடைசியில் அடுப்படியைக் கை காட்டினார். அவள் போய், திறந்து கிடந்த டப்பாவையும் பாத்திரத்தையும் பார்த்துவிட்டு, டப்பாவோடு திரும்பி வந்தாள்.

"இதையா குடுத்த?"

இரண்டு விரலைக் காட்டி, ஸ்பூனைக் காட்டினார். அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டு, காலி டம்ளரைக் காட்டினார்.

"முழுசும் நீ குடிச்சியா? ஏன்டா?"

"அதுல... வேற... என்ன கலந்திருக்கு?" ஒவ்வொரு சொல்லையும் பெயர்த்தெடுத்து வைத்தார். "நான்... கொன்னுட்டனா... அக்கா?"

அக்கா அவரையே பார்த்தாள். அவள் உதடு கோணியது, அழுகை என்றுதான் மாத்திரை நினைத்தார். "அட லூசே. இதுவும் கடுக்காய்தான்டா. கொட்டையோட போட்டு இடிச்சது. வேற ஒரு மண்ணும் கிடையாது. நல்ல தூளை நான் என் பெட்டில வெச்சிருக்கேன். தினம் கொப்பளிக்கக் குடுப்பேன். பாதியை முழுங்கிட்டுப் பாதியைத் துப்புவாரு. எனக்குத் தெரியாதுன்னு அவருக்கு நெனப்பு."

அவள் அடுப்படிக்குப் போனாள். பாத்திரத்தின் அடியில் தங்கியிருந்ததை அப்படியே சாய்த்துக் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து மறுபடி பழைய இடத்தில் உட்கார்ந்தாள். எதற்குக் குடித்தாய் என்று மாத்திரை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது.

டாக்டரம்மா வந்தபோது அக்காவும் தம்பியும் திருடி மாட்டிய இரண்டு பிள்ளைகள் மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் குழாயைக் காதில் மாட்டிக் கேட்டாள். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். டம்ளரை எடுத்து முகர்ந்தாள்.

"குடிச்சாரா?"

மாத்திரை இரண்டு விரலைக் காட்டினார். நீதிபதி முன்னால் நிற்பது மாதிரி எழுந்தே நின்றுவிட்டார்.

"ரெண்டு ஸ்பூனா?" அவள் குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "நேத்து சாயங்காலமே இதயம் விட்டு விட்டுத்தான் அடிச்சுது. இன்னிக்கு வரைக்கும் இருந்ததே எனக்கு ஆச்சரியம். ரெண்டு ஸ்பூன் எதையும் கூட்டலை, குறைக்கலை. மீதி எங்க?"

அவர் தன்னைக் காட்டிக்கொண்டார்.

"நீங்களும் சக்கரைக்கு மாத்திரை போடறவர்தானே? நல்லா இருக்கு. இவரை விட உங்களைத்தான் நான் பாக்கணும் போல. கை நடுங்குச்சு, வேர்த்துச்சுன்னா உடனே ஃபோன் பண்ணணும். வெறும் வயித்தோட இருக்கக் கூடாது." மாமாவின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். இறுகிய கன்னத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. சரிசெய்யக் கை நீட்டினாள். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

செய்தி தெருவுக்குப் போனது. முதலில் தையற்காரர்தான் ஓடிவந்தார், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு.

"அய்யோ, என் வாயைத் திறந்து சோறு திங்க வெச்ச மனுஷனாச்சே! எப்போ போச்சு மாத்திரை? கடைசியா என்ன சொன்னாரு? ஏதாவது கேட்டாரா?"

மாத்திரை வாயைத் திறந்தார். நாக்கு அண்ணத்தை விடவில்லை. தையற்காரரின் கழுத்தில் தொங்கிய நாடாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவருடைய பூட்டிய வாயைப் பார்த்ததும் அவள் சட்டென்று முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாத்திரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன.

"பேச்சே வரலை பாவம், அப்படித் தொண்டையை அடைச்சிருக்கு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

தையற்காரர் கிட்டே போய் அவர் முதுகில் கை வைத்தார். "அடக்காத மாத்திரை. நல்லா அழுதுடு."

தோள்கள் இன்னும் வேகமாகக் குலுங்கின. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நாற்காலிகளை நகர்த்தினார்கள், யாரோ சன்னலை அகலத் திறந்தார்கள். அவர் திரும்பவில்லை. தையற்காரரும் கையை எடுக்கவில்லை.