இடது பக்கமாக

நெருப்பு தோள் உயரத்தில் நடந்து வருகிறது, ஒன்றல்ல, நாற்பது, விளக்குகளை அணைத்துவிட்ட பெரிய சாப்பாட்டுக் கூடத்தின் வளைந்த படிகளில் வரிசையாக இறங்குகிறது, நெருப்புக்கு அடியில் தட்டு, தட்டுக்கு அடியில் ஒரு கை, கைக்கு உடையவன் இருட்டில் தெரியமாட்டான், பியானோக்காரர் மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கிறார், மேசைகளில் கோட்டும் நீள அங்கியுமாக உட்கார்ந்திருக்கிற நரைத்த தலைக்காரர்கள் மடியில் விரித்திருந்த மடித்துணியைத் தலைக்கு மேல் சுழற்றுகிறார்கள், பதினான்காவது நெருப்பு அலாய்சியஸ், தூத்துக்குடிக்காரன், வயது இருபத்தொன்பது, கல்யாணமாகி எட்டு மாதம், அதில் ஆறு மாதம் கடலில், தட்டில் இருப்பது ஐஸ்கிரீம், சுற்றிலும் முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துப் பூசி மேலே ரம் ஊற்றிக் கொளுத்தியது, வெளியே எரியும், உள்ளே உறைந்தே இருக்கும், வெட்டினால் கத்தி சில்லிடும், இதைப் போய் பிலோமிக்கு எப்படி எழுதுவது, எழுதினால்தான் நம்புவாளா, தட்டு ஆடக்கூடாது, கப்பல் லேசாகச் சாய்கிறது, நெருப்பும் சாய்கிறது, சாம்பார் இன்னும் கொஞ்சம் விடவா சார் என்று யாரோ கேட்கிறார்கள்.

யாரோ இல்லை, சீருடை போட்ட ஒரு பெண், பேச்சைக் கேட்டால் மதுரைப் பக்கம், போதும்மா என்கிறார் அலாய்சியஸ், இப்போது அறுபத்திரண்டு வயது, முழங்காலில் உறை, பதினோராவது தளத்தில் சன்னலோர மேசை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், தோசைக்கல்லுக்கு முன்னால் ஒரு வரிசை, பானிபூரிக்கு ஒரு வரிசை, வெங்காயம் பூண்டு சேர்க்காத சமையலுக்குத் தனியாக ஒரு வரிசை, வெளியே நீச்சல் குளத்தருகே குத்துப்பாட்டு, நேற்றுச் சென்னைத் துறைமுகத்தில் ஏறியதிலிருந்து அவருக்கு உட்காரவே வரவில்லை, இருபத்தாறு வருஷம் நின்று பழகிய கால், பக்கத்து மேசைக்காரர் தின்று முடித்த தட்டை எடுக்கக் கை தானாக நீண்டபோது மனைவி பிலோமி அவர் புறங்கையில் ஒன்று போட்டாள், சும்மா இருக்க மாட்டீங்களா, டிக்கெட் எடுத்துலா வந்திருக்கோம் என்றாள், இப்போதும், நீங்க எந்திரிக்கவே கூடாது, இனிப்பு நான் எடுத்துட்டு வாரேன் என்று கூட்டத்துக்குள் போனவள்தான், பத்து நிமிஷம் ஆகிறது, பச்சைச் சேலை அங்கங்கே தெரிந்து மறைகிறது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், இனிப்புக்காக இல்லை, காலையில் நாலாவது தளத்தில் அவள் சொன்ன ஒரு ‘ம்’முக்காக, அவ்வளவு சொல்லிச் சொல்லிக் காட்டியும் அவள் வாயிலிருந்து வந்தது அந்த ஒரே ‘ம்’தான், இத்தனை வருஷம் நான் எழுதியதெல்லாம் கதை என்று முடிவு கட்டிவிட்டாளோ.

முதல் கடிதத்திலேயே அவன் பொய் எழுதவில்லை, மானம் போனதைத்தான் எழுதினான், இந்தக் கூடத்துக்கு ஒரு சட்டம் பிலோமி, உட்கார்ந்திருப்பவருக்கு இடது பக்கமாக வந்து இடது கையால் தட்டை வைக்க வேண்டும், தின்று முடித்ததும் வலது பக்கமாக வந்து வலது கையால் எடுக்க வேண்டும், இடது கையால் வை என்றால் எனக்கு எப்படிக் கை வரும், பிச்சை கேட்டு வந்தவருக்கு இடது கையால் ஒரு காசைப் போட்டதற்கே அம்மா முதுகில் வைத்தாள், அந்தக் கையால் ஒருவருக்குச் சாப்பாடு வைப்பதா, அவன் இடது பக்கமாகத்தான் வந்தான், வந்து, உடம்பை முறுக்கி, வலது கையைக் குறுக்கே விட்டான், நாற்பத்திரண்டாம் மேசையில் மிசஸ் விட்டேக்கர் என்ற எழுபது வயதுச் சீமாட்டியின் மூக்கில் முழங்கை இடித்தது, வெண்ணெய்க் குழம்பு முழுக்க அவர் மடியில், பதறிப் பின்வாங்கியதில் பின்னால் நின்ற தள்ளுவண்டி போய்த் தூணில் மோதி, தூணைச் சுற்றியிருந்த பித்தளைப் பட்டையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம், கூடத்துக்குத் தலைவர் மார்செல்லோ, இத்தாலிக்காரர், கத்தவில்லை, மறுநாள் சாயங்காலம் ஆளில்லாத கூடத்தில் அவன் வலது கையை முதுகோடு சேர்த்து மடித்துணியால் கட்டிவிட்டார், தட்டு நிறையத் தண்ணீர், ஒவ்வொரு மேசையாக இடது கையால் வைத்துக்கொண்டே போ என்றார், மூன்று நாள், மற்ற பையன்கள் சிரித்தார்கள், கப்பல் சாயும்போது நடக்காதே, நில், சாய்வு போன பிறகு அடி எடுத்து வை என்பதையும் அப்போதுதான் கற்றான், கற்றுக்கொண்டே அழுதான், அதையும் எழுதினான், பதில் ஐந்து வாரம் கழித்து ஏதோ ஒரு துறைமுகத்தில் கிடைத்தது, அதுவும் ஆண்டவர் குடுத்த கைதான, பசிச்சவனுக்குத் தட்டு வந்தாப் போதும், எந்தக் கைன்னா பாப்பான், நீங்க தைரியமா வைங்க என்று பிலோமி எழுதியிருந்தாள், கீழே கோணலாக ஒரு வரி, ஆனா வீட்டுக்கு வந்து எனக்கு மட்டும் அந்தக் கையால குடுத்துராதீங்க, நானும் உங்களுக்கு ஒருநாளும் குடுக்க மாட்டேன்.

குடுத்ததுமில்லை, முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு தம்ளர் தண்ணீர்கூட, இடுப்பில் பிள்ளை இருந்தாலும் பிள்ளையை மாற்றிக்கொண்டு வலது கையால்தான் நீட்டுவாள், எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு, மகள் ஜெனிட்டா பிறந்ததே கப்பலுக்கு வந்த தந்தியில்தான் தெரிந்தது, அன்றைக்கு நாற்பத்திரண்டாம் மேசையில் எட்டுப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், குழம்பில் குளித்த மிசஸ் விட்டேக்கர்தான் முதலில் எழுந்தவர், என் மடியில் ஊற்றியவன் எங்கே, அவன் மேசைதான் வேண்டும் என்று பதினோரு வருஷம் ஒவ்வொரு ஜனவரியும் கேட்டு வந்தவர், அப்போதெல்லாம் ஒரு பயணம் முழுக்க ஒருவருக்கு ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே பரிமாறுகிறவன், இரண்டாம் நாளே யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குக் காப்பியில் பால் கூடாது, யார் மருமகளோடு பேச்சில்லை எல்லாம் தெரிந்துவிடும், ஏழு வகைச் சாப்பாடு, ஏழு வகை முள்கரண்டி, கேப்டன் வாசலில் நின்று கைகொடுப்பார், சாப்பிட்டபின் மந்திர வித்தைக்காரர், வயலின் வாசிக்கிற நாலு பேர், எல்லாவற்றையும் நீல விமானத் தபால் தாளில் இடமில்லாமல் ஓரங்களிலும் எழுதி, அதுவும் போதாமல் கேசட்டில் பேசி அனுப்பினார், கடைசியில் எப்போதும் ஒரே வாக்கு, ஒரு நாள் உன்னை நாற்பத்திரண்டில் உட்கார வைத்து நெருப்பு ஊர்வலம் காட்டுவேன், அவளும் அதை நம்பித்தான் தனியாகப் பிள்ளை வளர்த்தாள், மாமியாருக்குப் பார்த்தாள், வீட்டுக் கூரை மாற்றினாள், இதற்கெல்லாம் ஈடாக அவர் கையில் இருந்தது அந்த ஒரு வாக்குதான்.

வாக்குக் கொடுத்தவர் அங்கேயே நிற்க, கூடம் அவர் காலுக்கடியில் நகர்ந்தது, எந்த வருஷம் என்று சொல்ல முடியவில்லை, முதலில் நெருப்பு போனது, பாதுகாப்பாம், மின்கலத்தில் எரிகிற பொம்மை மெழுகுவர்த்தியைத் தட்டில் செருகிக் கொடுத்தார்கள், கையில் பிடித்துக்கொண்டு நடக்க வெட்கமாக இருந்தது, பிறகு அந்த நடையும் போனது, நரைத்த தலைகள் குறைந்து பிள்ளைகுட்டிகள் ஏறின, கோட்டு போய் அரைக்கால்சட்டை வந்தது, எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள், நல்ல யோசனைதான், ஆனால் யாருக்கும் சொந்த மேசை இல்லாமல் போயிற்று, நாலு நாள் பரிமாறினாலும் பெயர் தெரியாது, வயலின்காரர்கள் இறங்கிப் போனார்கள், பாறை ஏறுகிற சுவர் வந்தது, தண்ணீர்ச் சறுக்கு வந்தது, மது ஊற்றுகிற இயந்திரக் கை வந்தது, அது இடதா வலதா என்று யாரும் கேட்கவில்லை, மார்செல்லோ ஒரு மாலை தன் கறுப்புக் கோட்டை மடித்து அலாய்சியஸிடம் கொடுத்துவிட்டு ஜெனோவாவில் இறங்கினார், உன் இடது கை என் பெயரைச் சொல்லும் என்றார், முழங்கால் தேய்ந்த பிறகு அலாய்சியஸும் இறங்கினார், கோபமாகத்தான் இறங்கினார், பொய் சொல்வானேன், இந்தப் பிழைப்புக்கா இத்தனை வருஷம் பெண்டாட்டியை விட்டு வந்தோம் என்று.

ஜெனிட்டாதான் கண்டுபிடித்தாள், அப்பா, நீங்க மொதல்ல ஏறின கப்பல் இப்ப சென்னையிலருந்து போவுது, பேர மாத்திட்டாங்க, பெயிண்ட மாத்திட்டாங்க, கப்பல் அதேதான், அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க என்று மூன்று நாள் பயணத்துக்கு டிக்கெட்டைக் கையில் வைத்தாள், ஏறியதும் படிக்கட்டின் வளைவிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, கைப்பிடியை உள்ளங்கை கண்டுகொண்டது, தூக்கம் வரவில்லை, பிலோமிக்கோ நேற்றே கொண்டாட்டம், நீச்சல் குளத்தருகே ஆடுகிறவர்களுக்குக் கைதட்டினாள், நாகர்கோவில் டீச்சர் ஒருத்தியோடும் சிவகாசிக் குடும்பம் ஒன்றோடும் சேர்ந்துகொண்டாள், ஏங்க, கப்பல் பூராவும் நம்ம ஆளுகளாலா இருக்கு என்றாள், அவருக்கு அதுவே குத்தியது, இவளுக்கு நான் சொன்னது இது இல்லையே, காலையில் அவள் கையைப் பிடித்து நாலாவது தளத்துக்கு இறங்கினார், கதவைத் திறந்தால் ஊதா விளக்கு, பிள்ளைகள் குதித்து விளையாடுகிற ரப்பர் மெத்தைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் கார் ஓட்டுகிற விளையாட்டுகள், காது கிழிகிற சத்தம், இதுதான் பிலோமி, இதோ இந்தப் படியில்தான் நெருப்பு இறங்கும், இங்கேதான் பியானோ, இதோ இந்தத் தூண், இதை ஒட்டித்தான் நாற்பத்திரண்டு, அங்கே இப்போது இரும்புக் கையால் பொம்மையைப் பிடித்துத் தூக்குகிற பெட்டி நின்றது, ஒரு சின்னப் பெண் அதைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள், சொல்லச் சொல்ல அவர் குரல் அவருக்கே பொய்யாகக் கேட்டது, பிலோமி தூணருகே போனாள், ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், திரும்பிப் பார்க்காமலே, ம் என்றாள், அவ்வளவுதான்.

பச்சைச் சேலை வருகிறது, கூட்டம் இரண்டு பக்கமும் விலகுகிறது, கையில் தட்டு, தட்டைத் தோள் உயரத்துக்குத் தூக்கியிருக்கிறாள், அதில் ஏதோ ஆவி பறக்கிறது, சன்னல் வெயில் பட்டு அந்த ஆவி வெளிச்சமாகத் தெரிகிறது, கப்பல் லேசாகச் சாய்கிறது, அவள் நிற்கிறாள், சாய்வு போன பிறகு அடி எடுத்து வைக்கிறாள், இதை யார் சொல்லிக் கொடுத்தது, நான்தான், நான்தான் எழுதினேன், நேராக வந்தால் எதிர் நாற்காலி, அவள் நேராக வரவில்லை, மேசையைச் சுற்றிக்கொண்டு வருகிறாள், அவருடைய இடது பக்கமாக வந்து நிற்கிறாள், தட்டு அவளுடைய இடது கையில், வலது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறாள், குனிந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், இடது கையாலேயே அவர் முன்னால் வைக்கிறாள், சூடு, பாத்து, என்கிறாள்.

கேரட் அல்வா, அது மட்டும் இல்லைங்க, உள்ள ஐஸ்கிரீம் இருக்கு, அங்க பரிமாறுற பிள்ளைங்க அல்வாவுக்கு மேலதான் ஐஸ்கிரீம் வைப்போம்னாங்க, எனக்கு அப்படி வேண்டாம், ஐஸ்கிரீமை அடியில வச்சு அல்வாவச் சூடா மேல போட்டு மூடித் தாங்கன்னேன், சிரிக்குதுங்க, நெருப்புக் கொஞ்சம் வைக்க முடியுமான்னும் கேட்டேன், கூடவே கூடாதுன்னுட்டாங்க, அதான் நேரமாயிட்டு, என்கிறாள், அப்போ காலையில ஏன் ஒண்ணுமே சொல்லலை, ம்னுட்டு வந்துட்ட என்று எப்படியோ கேட்டுவிடுகிறார், எங்க பேச்சு வந்தது, அந்தத் தூணுல பித்தளையில ஒரு பள்ளம்னு எழுதியிருந்தீங்கள்லா, தடவிப் பாத்தேன், என் கட்டவிரல் சரியா உள்ள போச்சு, என்கிறாள், ஆனா ஒண்ணு, அந்தக் கூடம் அப்படியே இருந்திருந்தா இந்தச் சேலையோட என்னைய உள்ள விட்டிருப்பாங்களா, ஏழு முள்கரண்டில எதை எடுக்கன்னு முழிச்சிட்டுலா இருந்திருப்பேன், மாறினதும் நல்லதுக்குத்தான், நான் வந்துட்டம்லா, என்கிறாள்.

அலாய்சியஸ் தலை நிமிரவில்லை, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, யாருக்கு நன்றி சொல்வது, மார்செல்லோவுக்கா, குழம்பில் குளித்த கிழவிக்கா, பழைய கப்பலைக் கொன்றுபோடாமல் பெயர் மாற்றி ஓட்டுகிற யாரோ முகம் தெரியாதவருக்கா, தோசைக்கல்லுக்கா, ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு நான் போனேன், அதை எனக்குப் பதிலாக இவள் நிறைவேற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள், எனக்கு அந்தக் கையால ஒருநாளும் குடுக்க மாட்டேன்னு எழுதினியே என்கிறார், அதுவும் ஆண்டவர் குடுத்த கைதான, சீக்கிரம் சாப்பிடுங்க, உருகிரும், என்கிறாள் பிலோமி, கரண்டியை விட்டு உடைக்கிறார், மேலே நாக்கைச் சுடுகிறது, உள்ளே உறைந்தே இருக்கிறது, பல் கூசுகிறது, நீயும் உக்காரு என்று எதிர் நாற்காலியைக் காட்டுகிறார், இருங்க, நீங்க முடிச்சப்புறம் தட்டு எடுக்கணும்லா என்று சொல்லிவிட்டு, அவள் மேசையைச் சுற்றி அவருடைய வலது பக்கமாகப் போய் நின்றுகொள்கிறாள்.