உம் கொட்டும் இடைவெளி

அலுவலகத்தில் பாதிப் பேர் தலைக்குள் கம்பி வைத்து மூளையை வேகப்படுத்திக்கொண்டுவிட்டார்கள். பாலம் வரையும் பொறியாளனான அவன் கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள், அவர்கள் பதிலையும் தாண்டி அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வீட்டில் பேச ஆளில்லை. அலுவலகத்திலும் ஆளில்லை என்றால் நாக்கு எதற்கு என்று தோன்றியது. அவனும் போட்டுக்கொண்டான்.

காதுக்குப் பின்னால் தையல் ஆறியதும் கம்பியைச் சரிபார்க்க மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள். சரிபார்க்கும் பெண்ணுக்கு அங்கே மின்னல் என்று பட்டப்பெயர். ஒரு கட்டுரையைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். திரையில் அவன் மூளையின் வேகம் கோடாக ஓடியது. ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் நின்றது. பிறகு ஓடியது.

“கம்பி சரியா உக்காரலை போல,” என்றாள். திருகினாள், தட்டினாள், வயரை மாற்றினாள். மறுபடியும் அதே கதை.

“சார், வாக்கியம் முடிஞ்சதும் யாரு பேசுவாங்கன்னு காத்திருக்கீங்க? மூளையில கேக்குற பகுதி காதைத் தீட்டிக்கிட்டு நிக்குது.”

அவனுக்குப் புரிந்துவிட்டது.

“என் மனைவி உம் கொட்டுவா,” என்றான். “நான் எதைச் சொன்னாலும். பாத்திரம் கழுவிக்கிட்டே, பாதித் தூக்கத்துல. ஒரு தடவை கான்கிரீட் கலவையைப் பத்தி முழுசாச் சொல்லிட்டு, இப்ப என்ன சொன்னேன்னு கேட்டேன். ‘யாருக்குத் தெரியும், நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க’ன்னா.”

மின்னல் சிரித்தாள். சிரிக்கலாமா என்று பாதியில் நிறுத்தினாள்.

“அந்த இடத்தை அடைச்சிடலாம் சார். வலிக்காது. அப்புறம் நீங்க பிச்சுக்கிட்டுப் போவீங்க. ஆனா திரும்பத் திறக்க முடியாது.”

“அடைக்கலைன்னா?”

“மத்ததெல்லாம் வேகமாயிடும். இது மட்டும் பழைய வேகத்துல நிக்கும். அந்த ஒரு நொடி உங்களுக்கு ரொம்ப நேரமாத் தெரியும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும்.”

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தான்.

“இருக்கிற மூளைக்கே நீ யாரு பேச்சும் கேக்க மாட்டே. இன்னும் வேற ஏத்திக்கப் போறியாடா?” என்றாள் அக்கா. விஷயத்தைச் சொன்னதும் குரல் இறங்கியது. “அடைச்சிடு தம்பி. அவளும் அதைத்தான் சொல்லியிருப்பா.”

“அவ அப்படியெல்லாம் சொல்ல மாட்டாக்கா. உம்னு மட்டும்தான் சொல்லுவா.”

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவனுக்குக் கண்ணில் ஒன்றும் வரவில்லை. உள்ளே போனான்.

“அடைக்க வேண்டாம்.”

“நல்லா யோசிச்சீங்களா சார்?”

“யோசிக்கத்தானே இதைப் போட்டுக்கிட்டேன். முடுக்குங்க.”

அவள் பொத்தானை அழுத்தினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மின்விசிறியின் இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன. மாதக்கணக்கில் பிடி கொடுக்காமல் இருந்த ஒரு தூண் கணக்கு, நினைத்த மாத்திரத்தில் அவிழ்ந்து விழுந்தது.

“எப்படி இருக்கு சார்?” சொற்கள் ஒவ்வொன்றாக நடந்து வந்தன.

“நல்லாயிருக்கு,” என்றான்.

சொல்லி முடித்ததும் காது திறந்துகொண்டது. மின்னலின் இமை பாதியில் நின்றது. ஒரு பாலத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து கடக்கலாம், அவ்வளவு நேரம் இருந்தது. அவன் அவசரப்படவில்லை. யாரும் உம் கொட்டவில்லை. இமை மெல்ல இறங்கத் தொடங்கியது.