லீவு நாள் வகுப்பு

சட்டைக்குக் கை தைப்பவள் என்பதால் கம்பெனியில் அவளுக்குக் கைக்காரி என்றே பெயர். சம்பளத்தை ஏற்றாமல் வேலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள். தூக்கக் கலக்கத்தில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துத் தொலைத்தாள்.

"வேலையில மனசே இல்ல உனக்கு!" என்று மேனேஜர் எரிந்து விழுந்தான். அதற்கு வைத்தியமாக, ஞாயிற்றுக்கிழமை மன அழுத்தம் போக்கும் வகுப்பாம். வராதவர்களுக்குச் சம்பளம் வெட்டாம். அழுத்தத்தைப் போக்க அந்த மகராசனுக்குக் கிடைத்தது, அவளுக்கு இருந்த ஒரே லீவு நாள்!

வகுப்பெடுக்க வந்தவர் தேன் ஒழுகப் பேசினார். "கண்ண மூடுங்க. மனசுக்குப் பிடிச்ச இடத்துக்குப் போங்க."

கைக்காரி போனாள். தலை வாரிவிட ஆளில்லாமல் மகள் சீப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"போயாச்சாம்மா?"

"ஆச்சு சார். என் வீடு."

"அருமை! அங்கேயே இருங்க. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காதீங்க."

அவள் கண்ணைத் திறந்து, பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"ஏய், எங்க போற?" மேனேஜர் தொண்டை கிழியக் கத்தினான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வகுப்பில் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.