பதினேழாம் ரோலின் எடை

அர்த்தநாரி இறந்து நாற்பது நாளுக்குப் பிறகும் அவருடைய கணினி ஆபீசில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் கணவர். பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் அந்தச் சின்ன ஆபீசில்தான் நானும் வேலை பார்த்தேன்.

அதை அணைக்க முடியாததற்குக் காரணம் அவர் எழுதிய ஒரு சோதனை. துணி ரோல்களின் எடைக் கோப்பை எங்கள் நிரல் சரியாகப் படிக்கிறதா என்று அது பார்க்கும். பெருமாநல்லூர் யூனிட் ஒன்றில் எடை போடுபவர் தட்டி வைத்த நிஜக் கோப்பு அவர் கணினியில் இருந்தது. யார் சோதனையை ஓட்டினாலும் அது அங்கே போய்த்தான் படிக்கும். கணினியை அணைத்தால் சோதனை தோற்றுவிடும்.

அவர் இருந்தபோதே எங்களோடு வேலை பார்க்கும் தேஜஸ்ரீ சொன்னாள். "பொய் பைல் ஒண்ணு வெச்சுருங்கண்ணா." கணினியில் நிஜக் கோப்பு எதுவும் இருக்காது; இருப்பதாக நிரலை நம்பவைப்பது.

"துணிய வெக்காம எடை சொல்றவன் ஒருத்தன் நம்மூர்ல இருந்தான் கண்ணு. கடைய மூடிட்டான்."

"அப்ப நீங்க லீவு போட்டா நாங்களும் லீவுங்களா?"

அவர் சிரித்தார்.

போன வாரம் எங்கள் மேலாளர் மகுடேஸ்வரன் என் மேசைக்கு வந்தார். "திங்கக்கிழமை புதுசா ஒரு பொண்ணு சேருதுங்க. அந்த மெசின அழிச்சுக் குடுக்கோணும். டெஸ்ட மாத்தறத தேஜஸ்ரீகிட்டக் குடுக்கட்டுங்களா?"

"இல்லீங்க சார். நானே மாத்தறேனுங்க."

வேலைக்குத் திரும்பியதிலிருந்து மூன்று வாரமாக அதைத் தள்ளிப்போட்டு வந்ததும் நான்தான். சோதனை ஓடும்போதெல்லாம் அவர் கணினியின் முன்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு மினுங்கும். காலி நாற்காலியின் எதிரே யாரோ வேலை செய்வதுபோல் இருக்கும். தேவையில்லாமலும் பலமுறை ஓட்டியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். நிஜக் கோப்பில் ரோலுக்கு ஒன்றாக இருபது வரிகள். பதினேழாம் ரோலின் எடை 2.14 கிலோ என்று இருந்தது; 21.4 ஆக இருக்க வேண்டும். எடை போட்டவரின் கைத்தவறு. நிரல் அதைப் பிடிக்கிறதா என்று பார்க்க அர்த்தநாரி திருத்தாமல் விட்டிருந்தார். சோதனைக்குள்ளேயே எழுதிய பொய்க் கோப்பிலும் அப்படியே தட்டினேன்.

ஓட்டினேன். எல்லாம் பச்சை; சோதனை தேறிவிட்டது. முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது.

இரண்டு மேசை தள்ளி அவர் கணினியைப் பார்த்தேன். விளக்கு மினுங்கவில்லை. மறுபடியும் ஓட்டினேன். ஆயுதபூஜைக்கு அவர் வைத்த சந்தனப் பொட்டு அதன்மேல் பாதி உதிர்ந்திருந்தது. விளக்கு மினுங்கவில்லை.

"எடுத்துக்கலாமுங்க சார்" என்றேன்.

"சாப்ட்டீங்களா?" என்றார் மகுடேஸ்வரன்.

"ஆச்சுங்க."

சாப்பிட்டிருக்கவில்லை.